நாய் உணவுக்கு யார் பொறுப்பு?

சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டதற்குச் சான்று வேண்டும். தெருவில் அழைத்துச் செல்லும்போது கழுத்தில் வார் வேண்டும். எல்லாமே தேவையான விதிகள். ஆனால் வளர்ப்பவருக்கு இத்தனை கடமைகளை விதிக்கும் நாட்டில், அந்த நாய்க்கு விற்கும் உணவைத் தயாரிப்பவருக்குக் கட்டாயத் தரச்சான்று எதுவும் கிடையாது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006 'உணவு' என்று வரையறுப்பது மனிதர் உண்பதை மட்டுமே. விலங்குத் தீவனம் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. தெருமுனைப் பரோட்டாக் கடையில் எண்ணெயை மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலர், பக்கத்து பெட் ஷாப்பில் இருக்கும் டாக் ஃபுட் மூட்டையை அந்தச் சட்டத்தின்கீழ் தொட முடியாது.

இந்தியத் தரநிர்ணய அமைவனம் நாய், பூனை உணவுக்கென்று ஐ.எஸ். 11968 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. விரும்பிய நிறுவனம் பின்பற்றலாம். விரும்பாத நிறுவனத்தைக் கேட்பாரில்லை. எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகள் மட்டும் பொருந்தும். அதாவது, மூன்று கிலோ மூட்டையில் மூன்று கிலோ இருக்கிறதா, அதிகபட்ச விலை அச்சாகியிருக்கிறதா என்று அரசு கேட்கலாம். அந்த மூன்று கிலோவுக்குள் என்ன இருக்கிறது என்பதை வாங்குபவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பணக்கார வீட்டுக் கவலை என்று ஒதுக்க முடியாது. தென்னந்தோப்புக் காவலுக்கு ஒரு ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வைத்திருப்பவர், தெருவில் கிடந்த குட்டியைக் குழந்தைகள் தூக்கிவந்ததால் வளர்க்கத் தொடங்கிய வாடகை வீட்டுக்காரர், தனியாக வாழும் ஓய்வூதியர் எல்லோரும் இன்று மாதச் செலவில் நாய் உணவுக்கு ஒரு தொகை ஒதுக்குகிறார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் நாய்க்கென்று தனியாகச் சமைக்க நேரமில்லை. பாக்கெட்டைப் பிரித்துப் போடுகிறார்கள். மாட்டுத் தீவனத்துக்கு இல்லாத ஜி.எஸ்.டி.யை இந்தப் பாக்கெட்டுக்குச் செலுத்துகிறார்கள். வரி வாங்கும் அரசு தரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டாமா?

நாமக்கல்லுக்குத் தெரிந்த நச்சு

உலர் உணவில் எனக்குப் பெரிதாகப் படும் ஆபத்து பூஞ்சை நச்சு. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு போன்றவற்றில் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஒருவகைப் பூஞ்சை வளரும். அது அஃப்ளடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும். தீவனம் தயாரிக்கும்போது கொடுக்கும் சூட்டில் பூஞ்சை செத்தாலும் நச்சு பெரும்பாலும் தங்கிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நாயின் கல்லீரலை அது தாக்குகிறது. சாப்பாட்டை ஒதுக்குவது, சோர்வு, வாந்தி, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள், சிறுநீர் கருமஞ்சளாகப் போவது ஆகியவை அறிகுறிகள். அறிகுறி தெரியும் நேரத்தில் கல்லீரல் வெகுவாகக் கெட்டிருக்கக்கூடும்.

அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ஸ்போர்ட்மிக்ஸ் என்ற நாய் உணவைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். மக்காச்சோளம் வழியாக வந்த அஃப்ளடாக்சின்தான் காரணம். அடுத்த மாதத்துக்குள் 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குத் தகவல் வந்திருந்தது. உணவில் நச்சு அளவுக்கு மீறி இருப்பதை உறுதிசெய்தது மிசௌரி மாநில வேளாண் துறையின் பரிசோதனை. மூட்டையில் தொகுதி எண் அச்சாகியிருந்ததால், எந்த மூட்டைகளைத் தூக்கி எறிய வேண்டும் என்று மக்களுக்குச் சொல்ல முடிந்தது. பரிசோதிக்க ஓர் அரசுத் துறை இல்லாமல், தொகுதி எண்ணும் இல்லாமல் போயிருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் 'ஏதோ காய்ச்சல், போய்விட்டது' என்றுதான் பேசியிருப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த நச்சு புதிதல்ல. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். மக்காச்சோளம் வாங்கும்போது ஈரப்பதம் பார்ப்பதும், தீவனத்தில் நச்சு இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்புவதும் அங்கே அன்றாடத் தொழில். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு, தர உறுதி ஆய்வகம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே இயங்குகிறது. கோழி செத்தால் முட்டைக்காரருக்கு நட்டம் என்பதால் அந்த ஏற்பாடு உருவானது. அதே மக்காச்சோளம் நாய் உணவாகும்போது மட்டும் கண்காணிப்பு அறுந்துபோகிறது.

லூஸில் வாங்கும்போது

கடைகளில் 20 கிலோ மூட்டையைப் பிரித்து, கண்ணாடிப் பெட்டியிலோ டிரம்மிலோ கொட்டி, அரை கிலோ, ஒரு கிலோ என்று பாலிதீன் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள். மொத்தமாக மூட்டை வாங்கப் பணம் இல்லாதவர்கள்தான் இப்படி வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பையில் தயாரிப்பாளர் பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. மூட்டையை எப்போது பிரித்தார்கள் என்று கடைக்காரருக்கே நினைவிருக்காது.

உலர் உணவு உருண்டைகளின் மேல் கொழுப்பு பூசப்பட்டிருக்கும். நாய் ஆசையாகச் சாப்பிடுவது அந்த மணத்துக்காகத்தான். காற்றுப் பட்டதும் அந்தக் கொழுப்பு சிக்கடிக்கத் தொடங்கும். சில வைட்டமின்களும் கெடும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் உருண்டை நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். இரவில் எலி ஏறினால் அதன் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி கலக்கக்கூடும். அந்தக் கிருமி நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாழாக்கும். நாயிடமிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும்.

லூஸில் வாங்குவதைத் தவிர வழியில்லை என்றால், மூட்டையைக் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மூட்டையின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் நாய் வளர்க்கும் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து முத்திரை உடையாத ஒரு பெரிய மூட்டையை வாங்கி அன்றே பங்கிட்டுக்கொண்டால் விலையும் இறங்கும், எந்தத் தொகுதி என்பதும் தெரியும். வீட்டுக்கு வந்ததை மூடி இறுகும் டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். டப்பாவில் கொட்டுவதைவிட உறையோடு சேர்த்து உள்ளே வைப்பது மேல். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்குங்கள். தீரும்வரை உறையைக் கிழித்துப் போடாதீர்கள். நாய்க்கு ஏதாவது ஆனால் மருத்துவரும் நுகர்வோர் ஆணையமும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் வறுத்த கோழியும் கேரட்டும் பளபளப்பாக இருக்கும். அந்தப் படத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் இதற்குக் கொஞ்சம் ஒழுங்கு உண்டு. 'சிக்கன் சேர்த்தது' என்று எழுதினால் குறைந்தது 3% கோழி இருக்க வேண்டும். 'சிக்கன் ஃப்ளேவர்' என்றால் குறைந்தபட்ச அளவு எதுவும் கிடையாது, சுவை தெரிந்தால் போதும். ஒழுங்கு இருக்கும் நாட்டிலேயே இப்படி என்றால், இங்கே அந்தச் சொற்களை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது, 'முழுமையான, சமச்சீரான உணவு' என்ற பொருளில் ஒரு வாசகம். ஐ.எஸ். 11968 அல்லது அமெரிக்காவின் ஆஃப்கோ, ஐரோப்பாவின் ஃபெடியாஃப் ஆகிய அமைப்புகளின் அளவுகளில் எதன்படி என்றும், குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்றும் அதில் இருக்க வேண்டும். இந்த வாசகம் இல்லாத பாக்கெட் பெரும்பாலும் தின்பண்டம். அதை மட்டுமே போட்டு நாயை வளர்க்கக் கூடாது.

அடுத்தது புரத அளவு. ஆஃப்கோ கணக்கில், நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18%, குட்டிக்கு 22.5% புரதம் வேண்டும். நீரை நீக்கிப் பார்ப்பது என்பது முக்கியம். கிரேவி பாக்கெட்டில் '8% புரதம்' என்று இருக்கும், உலர் உணவில் '22%' என்று இருக்கும். பார்த்தவுடன் இரண்டாவதே சிறந்தது என்று தோன்றும். கிரேவியில் 80% நீர். மீதி 20-ல் 8 என்றால் உண்மையில் 40%. உலர் உணவில் 10% நீர். 90-ல் 22 என்றால் 24% சொச்சம். கிரேவியில் புரதம் அதிகம்தான், ஆனால் 80 கிராம் பாக்கெட்டில் 64 கிராம் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம். பத்து கிலோ எடையுள்ள நாயின் ஒருநாள் பசியை அதைக்கொண்டு மட்டுமே அடக்க எட்டுப் பாக்கெட்டாவது ஆகும்.

சேர்மானப் பட்டியல் எடை வரிசைப்படி எழுதப்படுவது வழக்கம். 'கோழிக்கறி' முதலில் இருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். பச்சைக் கறியில் பெரும்பகுதி நீர். உலர்த்திய பிறகு அது பட்டியலில் எங்கே போய் நிற்கும் என்பது வேறு கதை.

அச்சிட்ட புரத அளவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதற்கு 2007-ல் நடந்தது சாட்சி. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் மெலமைனைக் கலந்திருந்தார்கள். ஆய்வகங்கள் புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை அளந்து கணக்கிடுகின்றன. மெலமைனில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஆகவே காகிதத்தில் புரதம் உயர்ந்தது. நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிறுநீரகம் செயலிழந்தது. மெனு ஃபுட்ஸ் என்ற ஒரே நிறுவனம் 6 கோடி டின்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டே சீனாவில் அதே மெலமைன் குழந்தைகளின் பால்பொடியில் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தன. விலங்கு உணவில் வந்த எச்சரிக்கையை முழுதாக எடுத்துக்கொள்ளாததற்கு மனிதக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள். நாய் உணவைக் கண்காணிப்பது ஆடம்பரம் என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

'தானியம் இல்லாதது' என்ற முத்திரைக்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. மனிதரோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மாவுச்சத்தைச் செரிக்கும் திறனை நாய் பெற்றுவிட்டது என்பது மரபணு ஆய்வில் 2013-ல் உறுதியானது. மாறாக, தானியத்தை நீக்கிப் பட்டாணி, பருப்பு வகைகளை நிறையச் சேர்த்த உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரணை தொடங்கியது. காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை. ஆனால் அரிசியும் சோளமும் நாய்க்குக் கேடு என்று பயமுறுத்தி விற்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கிலோ விலையா, நாள் செலவா?

எது மலிவு என்று முடிவுசெய்ய ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். கிலோ 200 ரூபாய் உணவை 350 கிராம் போட வேண்டியிருந்தால் நாளுக்கு 70 ரூபாய். கிலோ 250 ரூபாய் உணவில் 250 கிராம் போதுமென்றால் 62 ரூபாய் 50 காசு. நூறு கிராமுக்கு எத்தனை கலோரி என்று அச்சிட்டிருந்தால் இந்தக் கணக்கு எளிது. பத்து கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு நாளுக்கு 600 கலோரியை ஒட்டித் தேவைப்படும். கலோரி அளவே போடாத நிறுவனங்களும் உண்டு. உறையில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணை அழைத்துக் கேளுங்கள். உணவின் கலவையை வகுத்தவர் யார், கால்நடை ஊட்டச்சத்து படித்தவரா, சொந்த ஆலையில் தயாராகிறதா, அஃப்ளடாக்சின் பரிசோதனை ஒவ்வொரு தொகுதிக்கும் நடக்கிறதா என்றும் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் உணவு எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

அளவுக்கு மீறிப் போடுவதும் பணத்தை விரயமாக்கும். விலா எலும்புகளை விரலால் தடவினால் உணர முடிய வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் நாய் பருத்துக்கொண்டிருக்கிறது, தட்டில் விழுவதைக் குறைக்கலாம்.

வீட்டுச் சோறு போதுமா?

தமிழ்நாட்டில் பெரும்பாலான நாய்கள் இன்றும் வளர்வது சோற்றில்தான். கோழிக் கடையிலிருந்து கழுத்து, கால், தலை வாங்கிவந்து ரேஷன் அரிசியோடு வேகவைத்துப் போடும் வீடுகள் எத்தனையோ. தயிர்ச் சோற்றிலேயே வளரும் நாய்களும் உண்டு. இதை மட்டமாகப் பேசும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். வேகவைத்த அரிசியும் முட்டையும் கறியும் நல்ல உணவுதான். குறை வேறு இடத்தில் இருக்கிறது.

எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் தின்னும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. கோழிக்கறியில் சுண்ணாம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவுகிறது. முன்கால் வளைந்த, சின்னக் குதியில் எலும்பு முறிந்த குட்டிகள் கால்நடை மருத்துவமனைக்கு வருவதன் காரணங்களில் இது முக்கியமானது. துத்தநாகம், அயோடின், சில வைட்டமின்கள் குறைவது உடனே தெரியாது. தோலிலும் முடியிலும் மெல்லக் காட்டும்.

2013-ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டு நாய் உணவுக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். 95% குறிப்புகளில் ஏதாவது ஓர் அவசியச் சத்து குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அதில் அடக்கம். ஆகவே யூடியூபில் பார்த்ததைச் சமைப்பதைவிட, உங்கள் நாயின் எடையையும் வயதையும் சொல்லி, அரிசி இவ்வளவு, கறி இவ்வளவு, சுண்ணாம்பும் தாது உப்பும் இவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். கொதிக்கவைத்துக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு செலவில்லாத சுண்ணாம்பு; ஒரு ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதையும் அவர் சொல்லும் அளவில்தான் சேர்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. குட்டிகளுக்கான முழுமையான உணவைப் போட்டுக்கொண்டே, எலும்பு பலமாகட்டும் என்று கால்சியம் சிரப்பும் ஊற்றுகிறார்கள். லாப்ரடார், ராட்வைலர், கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு இந்தக் கூடுதல் சுண்ணாம்பு எலும்பு வளர்ச்சியையே கெடுத்துவிடும்.

மிஞ்சின சாம்பாரும் குழம்பும் ஊற்றிப் பிசைந்த சோற்றை நிறுத்திவிடுங்கள். வெங்காயமும் பூண்டும், வெந்தாலும், நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே பாதிப்புக்குப் போதும். கொஞ்சம் கொஞ்சமாக நாள்தோறும் போனாலும் பாதிக்கும். பண்டிகை நாளில் பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் இருக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சாக்லேட்டும், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா இனிப்புகளும் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சைக் கோழிக் கழிவில் சால்மொனெல்லா இருக்கலாம்; அதைக் கையாளும் வீட்டுக் குழந்தைக்கும் அது தொற்றும்.

வீட்டுச் சோற்றுக்கும் பாக்கெட் உணவுக்கும் நடுவே ஒரு வழி, குறைந்த வருமான வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பது: உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாத சோறும் முட்டையும் ஒருவேளை; முழுமையான உலர் உணவு இன்னொருவேளை. குட்டியாக இருக்கும்வரை உலர் உணவின் பங்கு கூடுதலாக இருக்கட்டும். எந்த உணவுக்கு மாறினாலும் ஒரு வாரம் பழையதோடு கலந்து மெல்ல மாற்றுங்கள்; இல்லையேல் வயிற்றுப்போக்கு வரும்.

அரசு செய்ய வேண்டியவை

ஐ.எஸ். 11968-ஐத் தரக்கட்டுப்பாட்டு ஆணை மூலம் மத்திய அரசு கட்டாயமாக்கலாம். ஹெல்மெட்டுக்கும் பிரஷர் குக்கருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய அதே வழிதான் இது. சிறு தயாரிப்பாளர்கள் தயாராக ஓராண்டு, இரண்டாண்டு அவகாசம் கொடுக்கலாம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் கலோரி அளவு, தொகுதி எண், யாருக்கான உணவு என்பது ஆகியவற்றை அச்சிடுவது அந்த ஆணையிலேயே இடம்பெற வேண்டும். இவை மாநில மொழியிலும் இருந்தால்தான் தோப்புக் காவலுக்கு நாய் வைத்திருப்பவருக்குப் பயன்படும்.

மாநில அரசு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கால்நடை பராமரிப்புத் துறை மாவட்டந்தோறும் கடைகளில் விற்கும் நாய் உணவை விலைகொடுத்து வாங்கி, நாமக்கல் ஆய்வகத்தில் அஃப்ளடாக்சினும் புரதமும் பார்த்து, நிறுவனப் பெயரோடு முடிவுகளைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடலாம். ஆய்வகம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், தேவை ஓர் அரசாணை. கால்நடை மருந்தகங்களில் அரிசியையும் முட்டையையும் அடிப்படையாகக்கொண்ட உணவு அளவுப் பட்டியலைத் தமிழில் ஒட்டிவைக்கலாம். சைவ வீடுகளுக்கான பட்டியலும் தனியாக வேண்டும்.

உரிமம் பதிவுசெய்ய வளர்ப்பவர் வரும்போதே அந்தப் பட்டியலை மாநகராட்சி கையில் கொடுக்கலாம். மூட்டையைப் பிரித்து விற்கும் கடைகள், தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். நிறுவனங்கள் 200 கிராம், 500 கிராம் பாக்கெட்டுகளைக் கிலோ விலையை வெகுவாக ஏற்றாமல் தர முன்வந்தால் லூஸ் விற்பனை தானாகவே குறையும்.

வாங்கிய உணவில் பூஞ்சையோ புழுவோ இருந்தால், சிக்கு வாடை அடித்தால், நாய் நோயுற்றால், உணவைத் தூக்கி எறிந்துவிடாமல் கொஞ்சத்தை உறையோடு கட்டி வைத்துக்கொண்டு, ரசீதுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குறைபாடுள்ள பொருளால் ஏற்படும் இழப்புக்குத் தயாரிப்பாளரையும் விற்பவரையும் பொறுப்பாக்குகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலும் புகார் கொடுக்கலாம். மருத்துவரின் சீட்டும், இறந்திருந்தால் உடற்கூறாய்வு அறிக்கையும் இணைத்துக் கொடுங்கள்.